ஒத்த ரூம் எடுத்தல்: ஆனைக்குட்டத்து அனுமதி மரபு குறித்து ஓர் ஆய்வு

இருக்கிற வீட்டோடு இன்னொரு அறையைச் சேர்த்துக் கட்டுவதற்குப் படிவத்தில் ‘கூடுதல் கட்டுமானம்’ என்று பெயர். ஆனைக்குட்டத்தில் அந்தச் சொல்லை யாரும் உச்சரித்ததாகச் சான்றில்லை. இங்கே ரூம் ‘எடுப்பார்கள்’. மாடியும் எடுக்கப்படுவதே. சாய்ப்பை மட்டும் ‘இறக்குவார்கள்’. சுவரைக் கேட்டால், அது ‘எழும்பும்’. ஒரே வீட்டில் ஒன்று எடுபட, ஒன்று இறங்க, ஒன்று தானாக எழும்புகிறது. கட்டுதல் என்ற வினை தாலிக்கும் தவணைக்கும் ஒதுக்கப்பட்டுவிட்டதால் இந்த ஏற்பாடு என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

ஆய்வுக்களத்தைப் பற்றி நாலு வார்த்தை. சிவகாசிப் பக்கம், அர்ஜுனா நதியின் குறுக்கே அணை உள்ள ஊர் ஆனைக்குட்டம். அணைத் தண்ணீர் விருதுநகருக்குக் குடிக்கப் போகிறது. குட்டம் என்றால் குளம், நீர் தேங்கும் பள்ளம். ஆக ஊர்ப்பெயரின் பொருள் ஆனை இறங்கும் குளம். அந்த ஆனை இறங்குமுன் கரையிலிருந்து எத்தனை அடி தள்ளி நின்றது, யாரிடம் கேட்டு இறங்கியது என்பதெல்லாம் தலபுராணத்திலும் இல்லை. ஆய்வுக்கான தரவு ஒரே ஒரு அறை. தம்பி கல்யாணத்தை முன்னிட்டு எங்கள் வீட்டின் வடபுறம் எடுத்தது. ஆய்வாளர் நூல் பிடித்தவர். சில நாள் செங்கலும் சுமந்தவர். ஆகவே இது களஆய்வு என்பதில் ஐயமில்லை.

முதலில் ஒரு தொல்லியல் குறிப்பு. விருதுநகரில் பஸ் ஏறிச் சிவகாசி வரும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். காங்கிரீட் வீடு ஒவ்வொன்றின் தலையிலும் தூணுக்கு நாலு கம்பி வீதம் வானத்தைப் பார்த்து நிற்கும். சிலர் துருப்பிடிக்காமலிருக்கச் சிமெண்டுப் பால் தடவியிருப்பார்கள். சிலர் காலி வாட்டர் பாட்டிலைக் கவிழ்த்திருப்பார்கள். காக்கை உட்கார்ந்து பழகிய கம்பி ஒரு பக்கம் லேசாக வளைந்திருக்கும். வெளியூர்க்காரர்கள் இதை முடியாத வீடு என்று நினைக்கிறார்கள். தவறு. அது முடிந்த வீடுதான். கம்பி, பிறக்காத மாடிக்காகப் பத்திருபது வருடம் முன்னதாகவே போட்டுவைத்த மனு. எந்த அலுவலகத்தில் போட்டது என்று கேட்டால் மேலே கையைக் காட்டுவார்கள்.

இனி ஒப்பியல். அமெரிக்காவில் இதே காரியத்துக்கு ‘ஸோனிங் போர்டு’ என்று ஒன்று உண்டு. நியூயார்க்கில் 1915-இல் ஈக்விடபிள் கட்டடம் எழும்பி, அதன் நிழல் ஏழு ஏக்கருக்கு விழுகிறது என்று சுற்றியிருந்தவர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே, 1916-இல், நகரம் முழுமைக்கும் மண்டல விதி வந்துவிட்டது. பிறகு ஒஹையோவில் யூக்ளிட் என்ற ஊர், தன் எல்லைக்குள் யார் எங்கே எதைக் கட்டலாம் என்று விதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1926-இல் ஊர் ஜெயித்தது. வடிவியல் அறிஞர் பேரில் அமைந்த ஊர் கட்டட வழக்கில் ஜெயித்தது பொருத்தமே. எங்கள் கொத்தனாரும் யூக்ளிட் வழிதான்: நூலில் மூணடி, நாலடி முடிச்சுப் போட்டு, குறுக்கே அஞ்சடி வந்தால் மூலைமட்டம் சரி என்பார். பெயர் தெரியாமலே பின்பற்றுகிற சீடர்.

ஆனால் நிழல் விஷயத்தில் இரு மரபுகளும் கடுமையாக வேறுபடுகின்றன. நியூயார்க்கில் நிழல் குற்றம். சித்திரை வெயிலில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் ஆனைக்குட்டத்தில் அடுத்த வீட்டின் நிழல் விழுந்தால் யாரும் மனுப் போட மாட்டார்கள். டிவிஎஸ் 50-ஐக் கொண்டுவந்து அதில் நிறுத்துவார்கள். எங்கள் புது ரூமின் நிழலில் இன்று மூன்று வண்டி நிற்கிறது. அதில் எங்களுடையது ஒன்றுமில்லை.

அங்கே ஒருவர் விதியைவிட இரண்டடி கூடுதலாக நீட்ட வேண்டுமானால் போர்டின் முன் போய் நின்று, விதிப்படியே கட்டினால் தமக்கு என்ன கஷ்டம் என்று விளக்க வேண்டும். அக்கம்பக்கத்தாருக்கு முன்கூட்டியே தபால் போகும். அவர்கள் வந்து ஆட்சேபம் சொல்லலாம். இங்கே அப்படி ஒரு சபை இல்லை என்றுதான் முதலில் எனக்கும் பட்டது. ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் தெருவிளக்கும் நூறு நாள் வேலையும்தான் பேச்சு. ஆய்வின் பாதியில்தான் தெரிந்தது, சபை என்னவோ ஓயாமல் கூடிக்கொண்டுதான் இருக்கிறது என்று. அதன் கூட்ட அரங்கு எங்கள் வீட்டு வாசற்படி.

அதற்கு வருமுன் முறைமை கருதி, தொல்காப்பியத்தின் வழியில் இப்பொருளை எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரமாகப் பிரித்துக்கொள்வோம்.

எழுத்து என்பது தாள்கள். பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வீட்டுவரி ரசீது, இன்ஜினியர் போட்ட பிளான். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இல் வந்தது. ஊராட்சிகளுக்கென்று தனியாகக் கட்டட விதிகள் 1997-இல் வந்தன. 2019-இல் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்து எல்லா ஊருக்கும் ஒரே கூரை போட்டன. இத்தனைக்கும் நடுவே, 1980 நவம்பரில் கர்ணம் பதவியே ஒழிக்கப்பட்டது. எங்கள் தெருப் பெரியவர்கள் விஏஓவை இன்னும் ‘கணக்குப்பிள்ளை’ என்றுதான் சொல்கிறார்கள். ஆணை இன்னும் எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை போலும்.

நில வகைகளைத் திணைப்படி பார்த்தால் நத்தம் அகத்திணை. அங்கேதான் வாழ்வு, கூடல், ஊடல் எல்லாம். புறம்போக்கு, பெயரே சொல்வதுபோல், புறத்திணை. அதில் போரும் முற்றுகையும் மட்டுமே. இரண்டுக்கும் நடுவே தெருவை நோக்கி ஒன்றரையடி நீண்டிருக்கும் திண்ணை இருக்கிறதே, அது எந்தத் திணை என்று உரையாசிரியர்கள் முடிவு சொல்லவில்லை. திணைக்கும் திண்ணைக்கும் ஒரு புள்ளி எழுத்துதான் வித்தியாசம்.

மூலப்பத்திரத்தில் நான்குமால் பகுதியைப் படித்தபோது ஆய்வாளருக்கு ஒரு வெளிச்சம் ஏற்பட்டது. எங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று அதில் எங்கும் சொல்லவில்லை. இன்னார் வீட்டுக்குத் தெற்கு, இன்னார் காலிமனைக்குக் கிழக்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு என்றுதான் எழுதியிருக்கிறது. அந்த இன்னார்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. காலிமனையில் வீடு வந்து முப்பது வருடமாகிறது. ஆனாலும் எங்கள் வீடு என்பது நாலு பக்கத்து மனிதர்களைக் கழித்தபின் மிஞ்சுகிற இடம்தான் என்று பத்திர எழுத்தர் அன்றே கண்டுகொண்டிருக்கிறார். பிளானில் இது கிடையாது. அதில் வீட்டைச் சுற்றிலும் வெள்ளைத்தாள்.

பிளான் அழகான பொருள். வாசலில் நிற்கும் வேப்பமரம் அதில் இல்லை; எங்களிடம் இல்லாத கார் இருந்தது. மழைநீர் சேகரிப்புக் குழி வட்டமாக, நீல நிறத்தில். 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கியதிலிருந்து அந்த வட்டம் எந்தப் பிளானிலும் தவறுவதில்லை. எங்கள் வட்டத்தில் மழை பெய்த ஒரு நாள் தண்ணீர் இறங்கியதை நானே பார்த்தேன் என்பதைப் பதிவு செய்கிறேன்.

ஓர் அலுவலகத்தில் எங்கள் தாளைப் புரட்டியவர், “கூடுதலா ஒரு ரூமுங்கிறீங்க. சரி. ஏற்கெனவே இருக்கிற வீட்டுக்கு அப்ரூவல் எங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. கூடுதல் என்றால் எதனோடு? அந்த வீடு தாத்தா கட்டியது. அவர் யாரிடம் அனுமதி வாங்கினார்? அப்பா நீண்ட நேரம் யோசித்துவிட்டு, “பக்கத்து வீட்ல கேட்டுருப்பாரு” என்றார். அந்த அலுவலர் சிரிக்கவில்லை. கடைசியில் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து, ஓரம் செல்லரித்த பழைய வீட்டுவரி ரசீது ஒன்று அகப்பட்டது. ஒரு வீடு இருந்தது என்பதற்கு அது வரி கட்டியது என்பதைவிட வலுவான சான்று வேறில்லை.

2024 ஜூலை 22 முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுகிறவர்கள் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி பெறலாம் என்று அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. தன்னைத் தானே சான்றளிப்பது. எங்கள் ஊர் ஆண்கள் நெடுங்காலமாகச் செய்துவந்த காரியம்தான். இப்போது அதற்கு ரசீது வருகிறது.

அடுத்து அளவு. இங்கே இரண்டு நூல்கள் மோதுகின்றன. ஒன்று 2016-இல் திருத்திய தேசியக் கட்டட நெறித்தொகுப்பு. மற்றது மனையடி சாஸ்திரம். முன்னது மீட்டரில் பேசும், காரணம் சொல்லும். பின்னது அடியில் பேசும், பலன் சொல்லும். மனையடியில் ஆறு, எட்டு, பத்து, பதினொன்று நல்லவை. ஏழும் ஒன்பதும் ஆகாது. பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரை மனிதன் குடியிருக்கவே லாயக்கில்லை. பதினாறில் மறுபடி செல்வம் வருகிறது. இதற்கு உள்கூடுதான் கணக்கு, சுவர்க் கனம் சேராது என்மனார் கொத்தனார்.

தமிழன் உலகில் எங்கே போனாலும் அறையென்றால் ‘பத்துக்குப் பத்து’ என்பான். அது நீளமோ அகலமோ அல்ல, ஒரு மனநிலை. ஆனால் பத்துக்குப் பத்து என்பது 9.29 சதுர மீட்டர். தேசியத் தொகுப்போ, ஒரே அறையுள்ள வீட்டில் அந்த அறை 9.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. இரண்டே கால் சதுர அடி இடிக்கிறது. ஒரு தவலை வைக்கிற இடம். இரண்டு அறை இருந்தால் ஒன்று 9.5, மற்றது 7.5 போதும். ஆகப் பத்துக்குப் பத்து மூத்த பிள்ளையாகப் பிறந்தால் தோற்கும், இளைய பிள்ளையாகப் பிறந்தால் தேறிவிடும். ஒரே அறையானால் அகலம் 2.4 மீட்டருக்குக் குறையலாகாது என்றும் ஒரு விதி. அதை அடியாக்கிப் பார்த்தால் ஏழடி பத்தரை அங்குலம். ஏழில் தரித்திரம், எட்டில் பாக்கியம் என்று மனையடி சொன்னதையே டெல்லியில் குழு போட்டுக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று ஒரு பட்டிமன்றப் பேச்சாளர் பேசிவிடக்கூடும். ஆய்வாளர் அவ்வளவு தூரம் போகமாட்டார். பத்துக்குப் பதினொன்று எடுத்தால் இரண்டு நூலும் வாயடைத்துப் போகும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். 10.2 சதுர மீட்டர். மனையடியில் இரண்டு எண்ணும் சுபம். நாங்கள் எடுத்தது அதுதான்.

அனுமதி தரவேண்டிய இன்னொரு அதிகாரியும் உண்டு: வாஸ்து புருஷன். ஆண்டில் எட்டு நாள்தான் கண் விழிப்பார். சித்திரை 10, வைகாசி 21, ஆடி 11, ஆவணி 6, ஐப்பசி 11, கார்த்திகை 8, தை 12, மாசி 22. அந்த நாளிலும் மூன்றேமுக்கால் நாழிகை, அதாவது ஒன்றரை மணி நேரம்தான் சீட்டில் இருப்பார். அதில் பல் தேய்க்கப் பதினெட்டு நிமிடம், குளிக்கப் பதினெட்டு, பூஜைக்குப் பதினெட்டு, சாப்பாட்டுக்கும் வெற்றிலைக்கும் தலா பதினெட்டு. அவர் சாப்பிட்டு வெற்றிலை போடும் முப்பத்தாறு நிமிடத்தில்தான் காரியம் ஆகும். எட்டு நாளும் சேர்த்து ஆண்டுக்கு நாலு மணி நாற்பத்தெட்டு நிமிடம். இவ்வளவு குறைந்த பணிநேரத்திலும் அவர் மீது ஒரு புகார் வந்ததில்லை. அவருடைய வேலை நேரத்தை அச்சடித்து நாடெங்கும் வீட்டுச் சுவரில் மாட்டிவிடுவதும் பக்கத்திலிருக்கிற சிவகாசிக் காலண்டர்தான்.

பட்டாசு வட்டாரத்தில் இருந்துகொண்டு இடைவெளி பற்றி எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இங்கே இடைவெளி என்பது காலையில் டிபன் தூக்கோடு வேலைக்குப் போகிற எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. மருந்து அறைச் சுவரில் இத்தனை ஆள், இவ்வளவு மருந்து என்று எழுதியிருக்கும். தீபாவளிக்குப் போடும் தற்காலிகக் கடைகளுக்குக்கூட, 2008-ஆம் வருடத்து வெடிபொருள் விதிப்படி கடைக்கும் கடைக்கும் 3 மீட்டர், குடியிருப்பு முதலான இடங்களிலிருந்து 50 மீட்டர் விட வேண்டும். எதிரெதிரே வாசல் வைக்கக் கூடாது. சாயங்காலம் அந்த ஆட்களே வீடு திரும்பி, அண்ணன் சுவருக்கும் தம்பி சுவருக்கும் நடுவே மூணு விரல் சந்துவிட்டுக் கட்டிய வீட்டில், பத்துக்குப் பத்தில் ஆறு பேராகப் படுக்கிறார்கள். அறையில் இத்தனை ஆள்தான் என்று எந்தச் சுவரிலும் எழுதியில்லை. எதிரெதிரே வாசல் வைத்தால் இங்கேயும் வெடிக்கும் என்பது வேறு.

இனி சொல்லதிகாரம். நூலின் உயிர் இதுதான்.

எங்கள் வடக்கு வீடு அத்தை வீடு. அப்பாவின் சித்தப்பா மகள். அம்மா ஒரு நாள் சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே பேச்சை எடுத்தாள்.

“வடக்க ஒரு ரூம் எடுக்கலாம்னு இருக்கோம்த்தா. சின்னவனுக்குக் கல்யாணம் வருதுல்ல.”

“எடுங்க மதினி. யாரு வேண்டாங்கா?”

வெளியூர் ஆய்வாளர் இதை ஒப்புதல் என்று குறித்துக்கொண்டு ஊருக்குப் போயிருப்பார். ‘யாரு வேண்டாங்கா’ என்பது எங்கள் வழக்கில் இடைக்காலத் தடையாணை. அம்மா அதைச் சரியாகவே புரிந்துகொண்டாள். மறுநாள் வெங்காய வடகம் ஒரு டப்பா வடக்கே போனது. இரண்டு நாள் கழித்து அத்தை அப்பாவிடம் முதல் கேள்வியைப் போட்டாள்.

“எறவாணத் தண்ணி எங்கிட்டு விழும்ண்ணே?”

ஆயிரம் பக்க விதியையும் காய்ச்சி வடித்தால் மிஞ்சுகிற கேள்வி இது. அப்பா, தளம் போட்டு, குழாய் வைத்து, தண்ணீரைத் தெருப்பக்கம் இறக்கிவிடுவதாகச் சொன்னார். “குழா எந்தப் பக்கம் வரும்?” என்றாள். காண்பித்தார். “அது அடைச்சுக்கிட்டா?” என்றாள். அப்பாவுக்கு அதற்கு விடை தெரியவில்லை. விசாரணை ஒத்திவைக்கப்பட்டது.

இரண்டாம் அமர்வில் சன்னல் வந்தது. வடபுறம் சன்னல் வைத்தால் அது அவள் வீட்டு அடுப்படி முற்றத்தைப் பார்க்கும். “சன்னலா வைக்கீங்க அந்தப் பக்கம்?” என்று மட்டும் கேட்டாள். ‘ஆ’வில் ஓர் இழுப்பு. அறையின் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்காவது திறப்பு வேண்டும் என்று தேசியத் தொகுப்பு வெப்பமும் வறட்சியும் உள்ள ஊர்களுக்குச் சொல்கிறது. எங்கள் ரூமுக்குப் பதினோரு சதுர அடி. அதைச் சொல்லிப் பார்த்தேன். “வெயிலுக்கு எதுக்குய்யா சன்னலு, காத்தா வருது, அனல்தானே வருது” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். கடைசியில் நாலுக்கு மூணு சன்னல் தெருப்பக்கம் போனது. வடக்கே ஏழடிக்கு மேல் ஒரு சின்ன வெண்டிலேட்டர்; பூனை பார்க்கலாம், மனிதர் பார்க்க முடியாது.

இதில் வியப்பு என்னவென்றால் அத்தையின் நிலைப்பாடு சட்டப்படி மிகச் சரி. 1882-ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டம், 15-ஆம் பிரிவு. ஒரு சன்னல் வழியாக வெளிச்சமும் காற்றும் தடையில்லாமல் இருபது வருடம் அனுபவித்துவிட்டால் அது உரிமையாகிவிடும். பிறகு பக்கத்து மனைக்காரர் அதை மறைத்துக் கட்ட முடியாது. அத்தை அந்தச் சட்டத்தைப் படித்ததில்லை; வெள்ளைக்காரர்களும் அத்தையைக் கேட்டு அதை எழுதவில்லை. அவளும் ஒரு நாள் தெற்கே ரூம் எடுப்பாள் என்பது அவள் வீட்டு மொட்டைமாடிக் கம்பியைப் பார்த்தாலே தெரியும். அதை எங்கள் சன்னல் மறித்துவிடக் கூடாது என்று இருபது வருடத்துக்கு முன்னாலேயே கணக்குப் போட்டிருக்கிறாள்.

மூன்றாம் அமர்வு பழைய பாக்கிகள் பற்றியது. என் அக்கா சடங்கில் அவர்களுக்குப் பந்தியில் இரண்டாவது வரிசை கிடைத்தது, தாத்தா காலத்தில் வெட்டிய முருங்கை மரம், ஒரு உரல். ஆய்வுப் பொருளுக்கு வெளியே என்று அப்பா நினைத்தார். நான் அப்படி நினைக்கவில்லை. அமெரிக்க போர்டில் எதிர்ப்புச் சொல்ல வருகிறவர்களும் அடியையும் அங்குலத்தையும் பற்றிப் பேசினாலும் உள்ளே ஏதோ ஒரு முருங்கை மரம் இருக்கத்தான் செய்யும். அங்கே ஒருவருக்கு மூன்று நிமிடமோ ஐந்து நிமிடமோ கொடுத்து உட்காரவைத்துவிடுவார்கள். இங்கே முழுதாகக் கேட்க வேண்டும், நடுவில் காப்பி கொடுக்க வேண்டும். உரலைத் திருப்பிக் கொடுத்தோம். அது யாருக்கும் தேவைப்படவில்லை. இப்போது இரண்டு வீட்டுக்கும் நடுவில் கிடக்கிறது, கோழிக்குத் தண்ணீர் வைக்க.

அதற்கடுத்த வாரம் அத்தையே வந்து, “எப்பண்ணே வானம் தோண்டுறீங்க?” என்றாள். ஆணை பிறப்பிக்கப்பட்டது.

கரிசலில் வானம் தோண்டுவது தனி வித்தை. மழைக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்குகிற மண். புது அஸ்திவாரத்தைப் பழையதோடு ஒட்ட வைத்தால் ஒரு கோடையிலேயே இரண்டுக்கும் நடுவே மயிரிழை விழும், அடுத்த கோடையில் விரல் நுழையும். ஆழமாகத் தோண்டி, மணல் நிரப்பி, இடையே கொஞ்சம் சந்து விட்டுத்தான் கொத்தனார் எழுப்பினார். பழைய வீட்டுச் சுவரில் கடப்பாரை பட்டபோது உள்ளிருந்து தாத்தா காலத்துச் சுண்ணாம்பு உதிர்ந்தது. கொத்தனார் அதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, “நல்ல கலவை” என்றார். வாழ்நாளில் அவர் வேறெந்தக் கொத்தனாரையும் பாராட்டியதாகத் தகவல் இல்லை.

பொருளதிகாரத்தை விரைந்து கடப்போம். செலவு ஆனது.

முடிவாக, தரவின் இன்றைய நிலை. ரூம் நிற்கிறது. தம்பியும் அவன் மனைவியும் திருப்பூரில் இருக்கிறார்கள். ரூமில் நெல் மூட்டையும் கட்டிலும் கிடக்கின்றன. தளத்தின் நாலு மூலையிலும் இரண்டடிக் கம்பி விடச் சொல்லி அப்பா நின்று பார்த்து விடவைத்தார். போன மாசம் மேலே ஏறிப் பார்த்தேன். வடபக்கக் கம்பியிலிருந்து அத்தை வீட்டுக் கைப்பிடிச் சுவர் வரை ஒரு நைலான் கயிறு கட்டியிருந்தது. இரண்டு சேலை, ஒரு துண்டு, பள்ளிக்கூடச் சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தன.

“அத்தை, கயிறு எப்பக் கட்டுனீங்க?” என்று கேட்டேன்.

“இப்பத்தான்ய்யா. ஏன், வேண்டாங்கியா?”

“யாரு வேண்டாங்கா?” என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கி வந்து, காலண்டரில் அந்தத் தேதியை வட்டமிட்டு வைத்திருக்கிறேன். இருபது வருடக் கணக்கு ஓடுகிறது.